மொறை இல்லாத இடம்

திருக்கோகர்ணத்தில் நம் ஆபீஸ் மாடியில், ஜன்னலோர மேசையின் இரண்டாவது இழுப்பறை சரியாக மூடாது. கையால் ஓங்கித் தட்ட வேண்டும். அதற்குள் என்னுடைய பழைய களக் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. மற்ற நோட்டுகளையெல்லாம் ஒப்படைத்துவிட்டேன். இதை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் அதில் மூலை மடித்து வைத்திருக்கும் பக்கத்தைப் படித்துவிடுங்கள். அதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

இப்படியெல்லாம் எழுதுவது ரிட்டயர் ஆனவர்கள் வேலை. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஐந்து மழைக்காலம் இந்த வேலையில் இருந்துவிட்டு இப்போது வேறு வேலைக்குப் போகிறேன். ஆனால் ஐந்து மழைக்காலத்தில் நான் உட்கார்ந்து பேசிய வாசல்களை நினைத்தால் ரிட்டயர் ஆனவன் மாதிரிதான் இருக்கிறது.

மழை, இடி, புயல், வெயில் என்று வானத்தால் யார் இறந்தாலும் அந்த வீட்டுக்குப் போய், எப்படி இறந்தார், ஏன் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தார் என்று கேட்டு எழுதுவது நம் வேலை. படிவம் நிரப்பப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சொல்லப்போவது சந்தேகப்படுவது பற்றி. நம் தாளின் ஒரு பிரதி தாலுகா ஆபீஸுக்குப் போகிறது. நாம் ‘மழையால்’ என்று எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் கிடைக்க வழி உண்டு. ‘ஐயம்’ என்று எழுதினால் விண்ணப்பம் அப்படியே நிற்கும். அதனால் நாம் அவர்களைச் சந்தேகப்படுவோம். அவர்கள் நம்மைச் சந்தேகப்படுவார்கள். வாசலில் வண்டி நின்றதுமே, “யாரு, கரண்டு ஆபீஸா?” என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். “இல்லைங்க” என்று சொன்னால் இன்னும் பயப்படுவார்கள்.

என் சந்தேகத்துக்கு முதலில் நல்ல பெயர்தான் கிடைத்தது. இரண்டாவது மழைக்காலம். திருமயம் பக்கம் ஒரு கடலைக் கொல்லையில் ஒருவர் இடி விழுந்து இறந்ததாகத் தகவல். ஊரே அப்படித்தான் சொன்னது. “பளீர்னு ஒரு வெட்டு சார், ஆளு அப்படியே சாஞ்சுட்டாரு.” நான் கொல்லையைச் சுற்றி வந்தேன். அவர் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒற்றைப் பனை. அதில் ஒரு கீற்றுகூடக் கருகவில்லை. வேலிக்கால்களில் மட்டும் புதிதாகக் கம்பி சுற்றி இழுத்த தடம் இருந்தது, கம்பியைக் காணோம். காட்டுப்பன்றிக்குப் போட்ட மின்கம்பி. கொல்லைக்காரர் அதை ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்திருக்கிறார். நான் எழுதினேன். விசாரித்தார்கள். அதுதான் உண்மை என்று ஆனது. அன்றிலிருந்து ஆபீஸில் எனக்கு ‘சி.ஐ.டி.’ என்று பெயர்.

அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

நான்காவது மழைக்காலத்தில், குன்றாண்டார்கோவிலிலிருந்து மினிபஸ்ஸில் போகிற ஒரு ஊர். பெயர் வேண்டாம். ஆறுமுகம் என்கிற விவசாயி, நாற்பத்தைந்து வயது. மத்தியானம் மூன்று மணிக்குக் கொட்டிய மழையில் கண்மாய்க் கலிங்குக்குக் கீழே பிணமாகக் கிடந்தார். கலிங்கு என்றால், கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையில் கட்டி வைத்திருக்கும் கல் தடுப்பு. எட்டு நாள் கழித்துப் போனேன். வழக்கமாக என்னோடு வரும் மலர்விழி அன்றைக்கு லீவு. தனியாகத்தான் போனேன்.

டீக்கடையில் கேட்டேன். “மழைக்குக் கண்மாயைப் பாக்கப் போனாரு, கால் வழுக்கிருச்சு” என்றார் கடைக்காரர். ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மாவிடம் கேட்டேன். “மழைக்குக் கண்மாயைப் பாக்கப் போனாரு, கால் வழுக்கிருச்சு.” கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தவரும் அதையே சொன்னார். பக்கத்து வீட்டிலும் அதே வாக்கியம், அதே இடத்தில் ஒரு பெருமூச்சு.

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. நாலு பேர் ஒரு சாவைச் சொன்னால் நாலு விதமாகத்தான் சொல்வார்கள். ஒருவர் மூன்று மணி என்பார், ஒருவர் ஸ்கூல் விடுகிற நேரம் என்பார், ஒருவர் அவர் சட்டை போட்டிருந்தாரா இல்லையா என்று சண்டை போடுவார். இங்கே ஊர் கூடிப் பேசி ஒரு வாக்கியத்தைத் தைத்து வைத்திருக்கிறது. எதை மூட?

ஆறுமுகத்தின் மனைவி பஞ்சவர்ணம். அந்த அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் ராசு, முன்னாள் வார்டு மெம்பர், அதே தெருவில் அடுத்த வீடு. என்னை வரவேற்றது ராசுதான். அவர் வீட்டு வாசலில் டீ கொடுத்தார். என் செருப்பில் கண்மாய்க் களிமண் அப்பியிருந்தது. சுவரில் சாய்ந்திருந்த ஒரு மூங்கில் கம்பை எடுத்து மண்ணைத் தட்டப் போனேன். அடியில் இரும்புப் பூண், தலையில் சிவப்புத் துணி கட்டிய கம்பு.

ராசு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பாய்ந்து வந்தார். “அதத் தொடாதீங்க சார்.”

“மாடு பத்துற கம்பாங்க?”

“அது... சும்மா கெடக்கு சார்.” என் கையிலிருந்து வாங்கி, இரண்டு கையாலும் பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தார்.

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: ‘மைத்துனர் வீட்டில் பூண் போட்ட கம்பு. தொட விடவில்லை.’ இறந்தவரின் தலையில் காயம் இருந்ததாக ஆஸ்பத்திரித் தாளில் இருந்தது. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்றைக்கு வரவில்லை.

பிறகு ராசுவே என்னைப் பஞ்சவர்ணம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நிலைவாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “கேளுங்க சார், என்னத்த வேணும்னாலும் கேளுங்க. தங்கச்சிக்குத்தான் ஒண்ணும் தெரியாது.”

“எதுக்குங்க கலிங்குப் பக்கம் போனாரு?”

அந்த அம்மா அண்ணனைப் பார்த்தார். “கண்மாயைப் பாக்கத்தாங்க.”

“அவ்வளவு மழையில தலைக்குச் சாக்குக்கூடப் போட்டுக்காமப் போயிருக்காரே. யாராச்சும் அவசரமாக் கூப்புட்டாங்களா?”

“யாரு சார் கூப்புடப்போறா அந்த மழையில?” என்றார் ராசு. நான் அவரைக் கேட்கவே இல்லை.

அந்த நேரத்தில் அவருக்கு போன் வந்தது. உள்ளே சிக்னல் எடுக்காமல் தெருவுக்கு இறங்கினார். அவர் முதுகு மறைந்ததும் பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவசரமாகச் சொன்னார்:

“சார், அது எங்க மொறையே இல்லைங்க. மொறையில்லாத எடத்துக்குப் போயித்தான் அவருக்கு இந்தக் கதி.”

“யாரு வீடுங்க அது?”

“வேணாம்ங்க. வெளிய சொன்னா ஒறவு அத்துப்போகும்.”

அதற்குள் ராசு திரும்பிவிட்டார். எனக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்று தோன்றியது.

நான் மீமிசல்காரன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா மீன் இறக்குகிற இடத்தில் கூடை சுமந்தவர். எங்களுக்குக் காணி நிலம் கிடையாது, கண்மாய்ப் பாசனம் கிடையாது. எங்கள் வீட்டில் முறை என்றால் மாமன் முறை, மச்சான் முறை, அண்ணன் முறை. முறை இல்லாத இடத்துக்கு ஒரு ஆம்பளை போனான் என்று ஒரு பொம்பளை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னால், அதற்கு எங்கள் தெருவில் ஒரே அர்த்தம்தான்.

அதையும் நான் அப்படியே எழுதியிருந்தால் இவ்வளவு கெட்டுப்போயிருக்காது. நோட்டில் அவர் சொன்னபடிதான் இருக்கிறது. ஆபீஸுக்கு வந்து தாளில் ஏற்றும்போது, படித்தவன் இல்லையா, நல்ல தமிழில் எழுதினேன்: ‘இறந்தவருக்கு முறையற்ற தொடர்பு இருந்ததாக மனைவியின் கூற்றிலிருந்து அறியப்படுகிறது. மரணம் மழையால் நேர்ந்ததா என்பது ஐயத்துக்குரியது.’ எழுதி முடித்ததும் இரண்டாவது வரியை எனக்கே ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக்காட்டிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மலர்விழி வேறொரு தாளுக்காகத் தாலுகா ஆபீஸ் போய்விட்டு வந்தாள். படியேறும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

“ஏய் மீமிசல், என்னத்தடா எழுதி அனுப்பிருக்க?”

“எதை?”

“ஆறுமுகம் கேஸ்ல. அந்த அக்காவை இன்னைக்கு வரச்சொல்லி, அந்தக் கிளார்க்கு ஒன் தாளைக் கையில வச்சுக்கிட்டு, ‘ஒம் புருசன் எவ வீட்டுக்குப் போயிட்டு வந்தான்’னு கேக்குறாரு. சத்தமா. பெஞ்சுல பத்துப் பேரு ஒக்காந்திருக்கான். அந்த அக்கா பையை எடுத்துக்கிட்டு எறங்கிப் போயிருச்சு.”

நான் நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். ஆதாரம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் காட்டினேன். அவள் அந்த வரியைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு நோட்டை மூடி மேசையில் போட்டாள்.

“மொறைன்னா என்னன்னு நெனச்ச?”

“ஒறவுமொறை. அதான் அந்தம்மாவே...”

“கடல்ல ஏதுடா ஒனக்குக் கண்மாயும் கலிங்கும். பாவம்.” அவள் வீட்டில் விவசாயம். “தண்ணி மொறை, காவல் மொறை கேள்விப்பட்டதே இல்லையா? மழைக்காலத்துல வீட்டுக்கு ஒரு நாள் கண்மாயைக் காவல் காக்கணும். இன்னைக்கு ஒங்க வீடு, நாளைக்கு அடுத்த வீடு. அவரு தன் மொறை இல்லாத நாள்ல போயிச் செத்திருக்காரு. அதைத்தான் அந்த அக்கா சொல்லியிருக்கு.”

எனக்கு உடனே நினைவு வந்தது எங்கள் அம்மா. ரேஷன் கார்டில் பெயர் திருத்தப் போனபோது, “படிக்கத்தான் தெரியாது, புருசன் பேருமா தெரியாது?” என்று ஒருவர் கத்த, பின்னால் வரிசையே சிரித்தது. நான் அப்போது எட்டாவது. வேலைக்குப் போனால் அந்த மாதிரி ஆளாக ஆகிவிடக்கூடாது என்று நினைத்தவன் நான். அந்த ஆளுக்கு வேண்டிய கேள்வியை நானே நல்ல தமிழில் எழுதிக்கொடுத்திருந்தேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் போனோம். பஞ்சவர்ணம் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“நான் அப்புடியா சார் சொன்னேன்?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லைங்க. எனக்குப் புரியலை. தப்பா எழுதிட்டேன்.”

மலர்விழிக்குப் பாயை எடுத்துப் போட்டார். பிறகு மலர்விழியைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை. கலிங்கின் மேல் ஊர்க்காரர்கள் மணல் மூட்டை அடுக்குவார்கள். தண்ணீர் கொஞ்சம் கூட நின்றால் கடைசி வயலுக்கும் பாயும். சட்டப்படி அது கூடாது. மழை கொட்டினால், அன்றைக்கு முறைக்காரர் யாரோ அவர் போய் மூட்டைகளைத் தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரை உடைந்துவிடும். ஆறுமுகம் இரண்டு மூட்டையைத் தள்ளியிருக்கிறார். மூன்றாவது மூட்டையோடு சேர்த்துத் தண்ணீர் அவரையும் தள்ளிவிட்டது. ஊர் தைத்து வைத்த வாக்கியம் அந்த மூட்டைகளை மூடத்தான்.

“அன்னைக்கு யாரு மொறைக்கா?” என்றாள் மலர்விழி.

பஞ்சவர்ணம் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினார்.

“மொறைக்கம்பு ஒண்ணு வச்சிருப்பீங்கள்ல? விடியக்காலம் அடுத்த வீட்டுச் செவத்துல சாத்துவாங்களே. அது இப்ப எங்க இருக்கு?”

“எங்கண்ணன் வீட்டு வாசல்ல. அன்னையிலேருந்து அங்கயேதான் நிக்குது.”

“ஏன் நகரலை?”

“அடுத்த வீடு நாங்கதான்.”

பூண் போட்ட கம்பு. சிவப்புத் துணி. நான் செருப்பு மண்ணைத் தட்டப் பார்த்த கம்பு.

“எங்கண்ணன காட்டிக்குடுக்க என்னால ஆகாது” என்றார் பஞ்சவர்ணம். “அவரும் போயிட்டாரு. அண்ணனும் வேணாம்னுட்டா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்? பணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தத் தாள்ல எழுதியிருக்கிறத மட்டும் அழிச்சிருங்க. அவரு அப்புடிப்பட்ட ஆளு இல்லை.”

அழிக்க முடியாது. இதை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்: போன தாள் போனதுதான். திருத்தம் போட வேண்டுமானால் விஷயம் தெரிந்த இன்னொருவர் தாலுகா ஆபீஸில் வந்து சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். தெரிந்தவர் ராசு.

அவர் வீட்டை நோக்கி நடக்கும்போது மலர்விழி கேட்டாள், “எப்புடிப் பேசப்போற? மூட்டை விஷயத்தைச் சொல்லி மெரட்டுவியா?”

மிரட்டியிருக்கலாம். சி.ஐ.டி.யாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். தெருவில் இருபது அடி நடப்பதற்குள் நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கேள்வி கேட்டால் அந்த வாக்கியம்தான் திரும்ப வரும் என்று தோன்றியது. அதனால் கேட்கவில்லை. வாசலில் நின்றபடியே, தாலுகா ஆபீஸில் அவர் தங்கையிடம் என்ன கேட்டார்கள் என்பதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன்.

அவருக்கு அது தெரியாது. தங்கை சொல்லவில்லை.

“எல்லாரு முன்னாலயுமா?”

“ஆமாங்க.”

“எவன் எழுதுனது அப்புடி?”

“நான்தாங்க.”

அவர் கம்பைப் பார்த்தார். ஒரு நிமிஷம், அது என் மேல்தான் இறங்கப்போகிறது என்று நினைத்தேன். மலர்விழியும் அப்படித்தான் நினைத்தாளாம். ஒரு அடி பின்னால் போய்விட்டாள்.

“அப்ப ரெண்டு பேருமாத்தான் போகணும்” என்றார் ராசு. “நான் சட்டையைப் போட்டுட்டு வாரேன்.”

கம்பையும் எடுத்துக்கொண்டார். பஞ்சவர்ணமும் வந்தார். மினிபஸ்ஸில் கண்டக்டர், “என்ன மெம்பரே, கம்போட கெளம்பிட்டீங்க, யாரை அடிக்க?” என்றார். ராசு சிரிக்கவில்லை. இறங்கும் முன் என்னிடம் மெதுவாகக் கேட்டார். “மூட்டைய மட்டும் விட்டுட்டுச் சொல்லக்கூடாதா சார்? ஊரு என்னைத் தள்ளி வச்சிரும்.” அதை விட்டால் உங்கள் மாப்பிள்ளை ஏன் கலிங்கின் மேல் ஏறினார் என்று மறுபடியும் கேட்பார்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

தாலுகா ஆபீஸில் அதே கிளார்க். அதே பெஞ்சு. “யோவ், கம்பை வெளிய வச்சுட்டு வாய்யா.”

“வெளிய வைக்க முடியாதுங்க. கண்ட செவத்துல சாத்துனா அது அந்த வீட்டு மொறை ஆயிரும்” என்றார் ராசு. பெஞ்சில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர்களில் ஒரு வயசாளி மட்டும் கம்பைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ராசு கம்பை ஊன்றிக்கொண்டே சொன்னார். தங்கையிடம் கேட்ட அதே சத்தத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

“அன்னைக்கு என் மொறைங்க. மழை கொட்டுது. கலிங்குல நாங்க அடுக்குன மூட்டையத் தள்ளணும். காய்ச்சலா இருக்குன்னு மாப்ளைகிட்டச் சொன்னேன். ‘நீ படு மச்சான், நான் பாத்துக்கிறேன்’னுட்டு, சோத்துல கைய வச்ச மனுசன் எந்திரிச்சுப் போனாரு. எனக்குக் காய்ச்சல் இல்லைங்க. நனைய சோம்பல்பட்டேன். அவ்வளவுதான்.”

பஞ்சவர்ணம் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் இல்லை என்பது அவருக்கும் அப்போதுதான் தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

‘இறந்தவர் அந்த இடத்தில் இருந்ததற்கான காரணம்’ என்ற கட்டத்தில் நான் புதிதாக எழுதினேன்: ‘மைத்துனரின் மொறைக்குப் போனார்.’ கிளார்க் வாங்கிப் பார்த்துவிட்டு, “மொறைன்னு எழுதிருக்கீங்க? முறைன்னு எழுதுங்க. என்ன முறை, உறவுமுறையா, காவல் முறையா? தெளிவாப் போடுங்க” என்றார்.

“ரெண்டும்தான் சார்” என்றேன். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ராசு கையெழுத்துப் போட்டார். பேனா ஓடவில்லை. மலர்விழி வேறு பேனா கொடுத்தாள். விண்ணப்பம் மறுபடி நகர்ந்தது. மூட்டைகளை எடுக்கச் சொல்லி ஊருக்கு நோட்டீஸ் போனது. ராசுவிடம் அந்த ஊரில் இன்னும் பாதிப்பேர் பேசுவதில்லை என்று கேள்வி.

உங்களுக்கு ஒன்று. நம் பழைய தாள்களில் ‘கண்மாயைப் பார்க்கப் போனார்’ என்ற வரி நிறைய இருக்கிறது. நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். அந்த வரி வரும் இடத்திலெல்லாம் நில்லுங்கள். அவர்களில் எத்தனை பேர் ஊருக்காகப் போனவர்கள் என்று நமக்குத் தெரியாது. திரும்பப் போய்க் கேளுங்கள். ஊரைச் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. என் சந்தேகம் அன்றைக்குப் பொய்யில்லை, அந்த ஊர் ஒன்றை மறைக்கத்தான் செய்தது. ஆனால் நான் என் காதைச் சந்தேகப்படவில்லை. அவர்கள் சொன்ன சொல்லை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள். புரியாவிட்டால், “அப்படின்னா என்னங்க?” என்று கேளுங்கள். படித்தவனுக்கு அந்தக் கேள்வி கேட்பது கஷ்டம். எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்குக் கையெழுத்து முடிந்து தாலுகா ஆபீஸ் படி இறங்கினோம். வெளியே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது, தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. ராசு கம்பைப் பிடித்தபடி கடைசிப் படியில் நின்றுவிட்டார். தங்கை முகத்தைப் பார்க்க முடியாமல் பஸ் ஸ்டாண்டு பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் இரண்டு படி இறங்கி வந்து கையை நீட்டினார்.

“கொண்டா அண்ணே. மழை வருது. இன்னைக்கு எங்க மொறை.”